சறுக்கு ராஜாவின் நாற்காலி

ஜனவரி 12

அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே கத்திவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள், டீச்சர்தானே நீ.

நேற்று சனிக்கிழமை, குடும்பத்தோடு உன் மியூசியத்துக்குப் போனோம். நீ ரிட்டயரான பிறகு அங்கேயே குடியிருக்கிறாய் என்று ஊரே பேசுவதால் அதை உன் மியூசியம் என்று சொல்வதில் தப்பில்லை. நான், என் மனைவி, மகள், பேத்தி வாண்டு. பையை வாசலில் ஒப்படைத்துவிட்டு, உடைந்த பானைகளையும் துருப்பிடித்த பூட்டுகளையும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டே போனோம். கடைசி அறையில் அப்பாவின் நாற்காலி இருந்தது.

நான் நாடகக் குழுவோடு வெளியூரில் இருந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்தாயே, அதே நாற்காலி. சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறார்கள். வாண்டு ஓடிப்போய்க் கையை வைத்தாள். காவலாளி பாய்ந்து வந்தார்.

“தொடக் கூடாது பாப்பா. இது மியூசியம் பொருள்.”

“இது எங்க கொள்ளுத் தாத்தாவோடது.”

“அப்படி ஒண்ணும் இதுல எழுதலையே” என்று பலகையைக் காட்டினார்.

அவர் மேல் குற்றமில்லை. பலகையை நான் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு வந்தேன். நீ எழுதியதுதான், நீயே படித்துப் பார்: “நாடக நாற்காலி. தேக்கு, சிவப்பு வெல்வெட். இந்நகர நாடக மேடையில் பயன்பட்டது. இருக்கையின் அடிப்பாகம் தகடு கொண்டு நிலைப்படுத்தப்பட்டுள்ளது. நன்கொடை: ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்.”

தேக்கு இருக்கிறது. வெல்வெட் இருக்கிறது. நீ இருக்கிறாய். தகடுகூட இருக்கிறது. அப்பா எங்கே?

இந்த ஊர் அவரைச் சறுக்கு ராஜா என்று கொண்டாடியது. கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, “நான் இருக்கும்வரை இந்த அரியணை அசையாது!” என்று கர்ஜித்துவிட்டு உட்காருவார். நாற்காலி வாயைப் பிளக்கும். ராஜா தரையில் கிடப்பார். கொட்டகை அதிரும். பின்காலை ஒட்டியிருக்கும் கயிற்றை அவரேதான் இழுக்கிறார் என்பது திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

சறுக்கு ராஜாவின் மகள் என்று சொல்லிக்கொள்ள டீச்சரம்மாவுக்கு வெட்கமா? பள்ளிக்கூடத்தில் உன்னை அப்படிக் கேலி செய்தார்கள் என்பதற்காகவா?

சரி. உன் கையில் பலகை இருக்கிறது, நீ எழுதினாய். என் கையில் மேடை இருக்கிறது.

தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை. கோபத்தில் எழுதும்போது உன் கையெழுத்துகூட நன்றாக இருக்கிறது.

கேட்காமல் கொடுத்தேன் என்பது உண்மை. நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதே அப்போது உன் மனைவிக்குத் தெரியாது. என் வீட்டுப் பின்னறையில் கூரை ஒழுகி, நாற்காலியின் காலில் கரையான் ஏற ஆரம்பித்திருந்தது. இன்னொரு முறை அந்த நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

பெயர் விஷயத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் வரைபடம் மாட்டுகிறோம். அதில் ஆறு என்பது ஒரு நீலக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கும் தாகம் எடுத்ததில்லை. இந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எந்த ஊரை வெள்ளத்தில் முக்குகிறது என்று பக்கத்தில் நின்று ஒருவர் சொன்னால்தான் அது ஆறு. மியூசியப் பலகையும் அந்த நீலக் கோடுதான். ஐந்து வரிக்குமேல் இடம் தர மாட்டார்கள். அதை நின்று படிப்பவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு அறை அறையாக நான் சுற்றிக் காட்டுகிறேன். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். தள்ளுவண்டியில் கைக்குழந்தைகூட வருகிறது. பள்ளியை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் வகுப்பு அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் நான் வெறும் கிழவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வா. கடைசி அறைவரை கூட நடந்து வா. கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒத்திகை. அதனால் வர முடியவில்லை. உன் ஆறு, மலை, வெள்ளம் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் நீ வர வேண்டும். இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். முன்வரிசை, நட்டநடு. உனக்கு இரண்டு பக்கமும் என் மனைவி, மகள், வாண்டு உட்காருவார்கள். குடும்பமாக நாடகம் பார்த்து எத்தனை நாளாயிற்று!

புது நாடகம். எழுதியதும் நான், நடிப்பதும் நான். பெயர் ‘உதாரண டீச்சர்’. பெயரைப் பார்த்து மிரளாதே. முழுக்க முழுக்கக் கற்பனை.

தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

நாடகம் நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடிக்காத மாணவன் என்பதற்காகச் சரியான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நீ மேடைக்கு வந்ததுமே கூட்டம் சிரித்தது. நான் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் நிறம், இடது முழங்கையில் ஒட்டு. அந்த ஒட்டு நான் தைத்தது. போன குளிருக்கு உன் மனைவியிடம் கொடுத்த ஸ்வெட்டர் அது. கண்ணாடிக்குக் கயிறு, கையில் குடை, குடை நுனியால் எதையும் சுட்டிக்காட்டும் பழக்கம், எதையும் விட்டுவைக்கவில்லை நீ. தலையை ஒரு பக்கம் சாய்த்து, “ஒரு உதாரணம் சொல்றேன் கேளுங்க” என்றாயே, அப்போது வாண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தைப் பாட்டி, நீங்க எப்படி மேலயும் இருக்கீங்க, இங்கயும் இருக்கீங்க?”

உன் மனைவி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். முதுகு குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று முதுகை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

டீச்சர் பேசுகிறாள், பேசுகிறாள், கேட்பவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கி விழுகிறார்கள். கடைசியில், “என்னை யாராலும் அசைக்க முடியாது” என்று அரியணையில் உட்காருகிறாள். அப்பாவின் நாற்காலியைப் போலவே ஒட்டுப்பலகையில் ஒன்று செய்திருக்கிறாய். அது வாயைப் பிளந்தது. நான் தரையில் கிடந்தேன். கால் இரண்டும் மேலே, குடை ஒரு மூலையில். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. மருந்துக்கடைக்காரர் மேடையைப் பார்த்துத் தட்டிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தும் தட்டினார்.

அதைக்கூட விட்டுவிட்டிருப்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள்.

மியூசியத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். எனக்குச் சந்தோஷம். முதல் அறையில் தானியம் சேமிக்கும் பெரிய பானையின் முன்னால் நின்றுகொண்டு, “ஒரு உதாரணம்” என்றேன். அவ்வளவுதான். ஒரு பிள்ளை தொப்பென்று தரையில் விழுந்து காலைத் தூக்கினான். அடுத்தவன் விழுந்தான். பத்து நிமிடத்துக்கு முன் என்னிடம் பணிவாக வணக்கம் சொன்ன பெண் விழுந்தாள். எல்லாப் பிள்ளைகளும் தரையில். பெற்றோர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருவனின் கால் பட்டு, பானை வைத்திருந்த பீடம் ஆடியது. காவலாளி பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மியூசியக் காப்பாளர் நல்ல மனிதர். என்னைத் தன் அறைக்கு அழைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்: “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க. பசங்க மறக்கட்டும்.”

பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். நான் அவர்களோடு வாழ்ந்தவள், எனக்குத் தெரியும்.

அக்கா பெரிய மனசுக்காரி, நாலு நாளில் சரியாகிவிடுவாள் என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். சரியாக மாட்டேன். இதை உனக்குத் திருப்பிக் கொடுப்பேன். எப்போது, எப்படி என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே சொல்லாமல் வைக்கும் தேர்வில்தான் யார் படித்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

தேர்வு எப்போது? பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். உன் சாபத்தில் எனக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் அரங்கம் நிறைகிறது. உனக்குத் தெருவில் கைதட்டுகிறார்களாமே. ஆயுள் முழுக்க நடித்த எனக்குக் கிடைக்காத மரியாதை.

மியூசியத்தில் உன்னை நிறுத்துவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக மன்னிப்பு கேட்கப் போவதும் இல்லை. நீ அப்பாவை நிறுத்தினாய், அவர்கள் உன்னை நிறுத்தினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகும் காண்ட்ராக்டர் ஒருவர் மே மாதம் இங்கே நடக்கும் கடைசிக் காட்சிக்கு வருகிறார். பிடித்துவிட்டால் இந்த வருஷம் முழுக்க வெளியூர்தான். எந்த ஊர் மேடையிலும் நீ விழுவாய். உனக்கு டிக்கெட் செலவுகூட இல்லை.

அன்றைக்கு எனக்கு அப்பாவின் நாற்காலி வேண்டும். ஒட்டுப்பலகை நாற்காலியை நம்ப முடியவில்லை. ஒருநாள் நான் வசனத்தை முடிக்கும் முன்பே பிளந்துகொண்டது, இன்னொரு நாள் பாதியில் மாட்டி என் இடுப்பைப் பதம் பார்த்துவிட்டது. காப்பாளரிடம் கேட்டுவிட்டேன். மியூசியத்துக்கும் நாலு பேர் வருவார்கள் என்று அவருக்குச் சந்தோஷம். ஆனால் நன்கொடை கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

உனக்கு இரண்டு வழி தருகிறேன். ஒன்று, பலகையில் அப்பாவின் பெயரைப் போடு, நாடகத்தையே நிறுத்துகிறேன். முடியாது என்றால் நாற்காலிக்குக் கையெழுத்துப் போடு. இரண்டும் முடியாது என்றால், அப்பாவின் பெயரையும் மறைத்து அவர் நாற்காலிக்கு மேடையையும் மறுத்த மகள் என்று கடைசிக் காட்சியில் நானே மைக்கைப் பிடித்துச் சொல்லுவேன்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பி,

கையெழுத்துப் போட்டுக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். மிரட்டி வாங்கும் பெயரை நான் பலகையில் எழுத மாட்டேன். நாற்காலியை எடுத்துக்கொள்.

மியூசியம் சில நிபந்தனைகள் வைக்கும். கோபப்படாதே, எல்லாப் பொருளுக்கும் இருப்பவைதான். நாற்காலி அன்று மாலைதான் வரும், காட்சி முடிந்ததும் திரும்பிவிடும். காவலாளி கூடவே வருவார். ஒத்திகைக்குத் தர மாட்டார்கள். அதைக் கவிழ்க்கவோ, வெல்வெட்டைப் பிரிக்கவோ கூடாது. மேடையில் நீ மட்டும் உட்காரலாம். அப்பாவின் பிள்ளை என்பதால் அந்தச் சலுகையை நான் கேட்டு வாங்கினேன்.

நாற்காலியைப் பற்றி ஏதாவது சந்தேகம் இருந்தால் பலகையைப் படித்துப் பார். நீ ஏற்கெனவே படித்துவிட்டாய், தெரியும். ஆனாலும் கேள்வித்தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன்.

உன் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். தைலம் வாங்கிக்கொண்டிருந்தாள். “தினம் ராத்திரி இதே வேலைதான் அண்ணி, உங்க தம்பி முதுகு எனக்கு மனப்பாடம்” என்றாள். நம் அம்மாவும் அந்தத் தைலத்தைத்தான் வாங்குவாள், நினைவிருக்கிறதா? நீ சின்னவன், இருக்காது.

முன்வரிசையில் அதே இருக்கையை எனக்கு வைத்துவிடு.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

இவ்வளவு இனிப்பாக எழுதினால் எனக்குச் சர்க்கரை ஏறிவிடும். என்ன திட்டம்? வெல்வெட்டுக்குள் ஊசி வைத்திருக்கிறாயா? தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன், சொல்லிவிட்டேன்.

பலகையைப் படிக்க வேண்டுமாம்! தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். அதில் இல்லாதது ஒன்றுதான் எனக்குக் கண்ணில் படுகிறது.

உன் சீட்டு வாசலில் இருக்கும்.

தம்பி


மே 12

ராட்சசி அக்காவுக்கு,

உனக்கு எழுதவே கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். முடியவில்லை.

வெல்வெட்டைத் தடவினேன், ஊசி இல்லை. பின்கால் பக்கம் கையை விட்டேன், கயிறு இருந்தது. அப்பா போட்ட அதே முடிச்சு. நம்பிவிட்டேன்.

“என்னை யாராலும் அசைக்க முடியாது” என்றேன். அரங்கம் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்தது. எல்லாருக்கும் தெரியும், விழப்போகிறாள். உட்கார்ந்தேன். கயிற்றை இழுத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தேன். உடம்பைத் தூக்கித் தொம்மென்று உட்கார்ந்தேன். மலைமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வசனம் எடுத்துக் கொடுப்பவன் திரைக்குப் பின்னாலிருந்து, “விழுங்கண்ணே! விழுங்க!” என்கிறான். அடப் பாவி, விழ முடிந்தால் விழ மாட்டேனா? சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. சிரிப்பு அடங்கும் சத்தம் இருக்கிறதே, அதை எந்த நடிகனும் கேட்கக் கூடாது. விழுந்த பிறகு டீச்சருக்கு ஒரு வசனமும் கிடையாது. திரை விழ வேண்டியதுதான். திரை இழுப்பவனோ நான் விழுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். முன்வரிசை, நட்டநடு. மடியில் கைப்பை, பைமேல் இரண்டு கையும். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு உட்காரும் அதே உட்காரல். நீ சிரிக்கக்கூட இல்லை. ‘நேரம் இருக்கிறது, யோசித்து எழுது’ என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் ஸ்வெட்டருக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. எதையோ பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. திரை விழுந்ததும் எழுந்து நேராக வீட்டுக்குப் போய்விட்டேன், வேடத்தைக்கூடக் கலைக்கவில்லை.

காண்ட்ராக்டர் மறுநாள் வந்தார். “சிரிப்பு நாடகம்னு சொன்னீங்க. கடைசில என்னமோ பண்ணிட்டீங்களே. என் பக்கத்துல இருந்த அம்மா மூக்கைச் சிந்திட்டே இருந்தாங்க. எனக்கு இது ஓடாது சார்” என்று கிளம்பிவிட்டார்.

நாலு மாத உழைப்பு போயிற்று. அப்பாவின் நாற்காலியில் கை வைத்து அதை முடமாக்கி, என்னை அதிலேயே உட்கார வைத்தாய். உனக்கு இப்போது திருப்திதானே?

தம்பி


மே 17

அன்புள்ள தம்பி,

ரொம்பத் திருப்தி.

உன் கை பின்கால் பக்கம் போனதை நான் பார்த்தேன். உன் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். மறுபடி குலுங்கியது. பிறகு உன் முகம். அந்த முகத்தைச் சட்டம் போட்டு மியூசியத்தில் மாட்டினால் நான் தினமும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன்.

உன்னை ஏமாற்றினேன் என்று மட்டும் சொல்லாதே. ஜனவரி மாதத்தில் நீ எனக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். “தகடுகூட இருக்கிறது” என்று எழுதியிருக்கிறாய் பார், உன் கையெழுத்தேதான். அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். கோபம் வந்துவிட்டால் உன் கண் ஒரு வார்த்தையை மட்டுமே தேடும், மற்றதெல்லாம் அதற்கு வெறும் கிறுக்கல். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு முறை படி என்றும் சொன்னேன், மனப்பாடம் என்றாய். ஒப்பிப்பவன் படிப்பதில்லை.

நீ என்ன பேசினாய் என்று உனக்குத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். முன்வரிசையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

நாற்காலியின் கையைத் தடவினாய். “ஒரு உதாரணம் சொல்றேன் கேளுங்க” என்றாய். கூட்டம் பழக்கத்தில் சிரித்தது. அப்புறம் சொன்னாய்: “ஒரு சின்னப் பையன். அவங்க அப்பா தினம் இதே நாற்காலியில இருந்து விழுவார். ஊரே சிரிக்கும். அவன் மட்டும் திரைக்குப் பின்னாடி உட்கார்ந்து அழுவான். அவங்க அக்கா அவன் காதுல சொல்லுவா. டேய், பந்து கீழ விழுந்தா அழுமா? விழுந்தாத்தானே அது எழும்பும்? பாரு, இப்ப எழுந்திருப்பார் பாருன்னு. அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்பா எழுந்து நிப்பார்.” மறுபடி நாற்காலியின் கையைத் தட்டினாய். “அவர் பேரு சறுக்கு ராஜா. இது அவர் நாற்காலி.” இதைச் சொல்லும்போது உன் குரல் என் குரலாக இல்லை, உன்னுடையதாகவும் இல்லை.

நீ நடித்த காட்சிகளிலேயே அதுதான் நல்ல காட்சி. ஆனால் இரண்டு தப்பு. பந்து உதாரணம் என்னுடையது, என்னைக் கேட்காமல் எடுத்தாய். இன்னொன்று, நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்ததில்லை. நேரம் ஆகும். சில நாள் திரை விழுந்த பிறகுதான் இரண்டு பேர் தூக்கி நிறுத்துவார்கள். அம்மா எதற்குத் தைலம் வாங்கினாள் என்று நினைத்தாய்? நீ அழுவாய் என்று உன் முகத்தை நான் என் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

தகடு போடச் சொன்னதும் நான்தான். கரையான் தின்ற காலைச் சரிசெய்ய மியூசியத்துத் தச்சர் வந்தபோது, இருக்கையையும் சேர்த்து இறுக்கிவிடச் சொன்னேன். கயிறு அப்படியே இருக்கட்டும், ஆனால் இனி யாரும் அதிலிருந்து விழ வேண்டாம் என்றேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து விழாத முதல் ஆள் நீதான்.

இனிமேல் எழுதப்போவதுதான் உன் மதிப்பெண். உட்கார்ந்துகொண்டு படி.

மேடையில் நீ சொன்ன அந்தக் கதையைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி அறையில், நாற்காலியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. பந்தும் அதில் வரும், பெயரும் வரும். “சறுக்கு ராஜா என் அப்பா” என்றுதான் தொடங்குவேன். பிள்ளைகள், “நிஜமாவா டீச்சர்?” என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அந்த அறையைக் கடைசியாக வைத்திருந்தேன். நீ சனிக்கிழமை வந்தாய். ஞாயிற்றுக்கிழமை வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. எந்தப் பெயருக்காக என்னோடு சண்டை போட்டாயோ, அந்தப் பெயரை இந்த ஊரில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளைத் தரையில் தள்ளிக் காலைத் தூக்க வைத்தாய். இத்தனை மாதமாக அந்த அறையில் யாரும் அப்பாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அது உன்னால்.

இதை முன்பே எழுதியிருக்கலாமே என்பாய். எழுதியிருக்கலாம். நீ மன்னிப்பு கேட்டு ஓடி வந்திருப்பாய். நான் அப்போது மன்னிக்கும் நிலையில் இல்லை. நீ ஒரு நிமிடமாவது அத்தனை பேர் முன்னால் என் ஸ்வெட்டரில் வாயடைத்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

காப்பாளர் நேற்றுப் போன் செய்தார். நாடகம் பார்த்தவர்கள் மியூசிய வாசலில் வந்து, “சறுக்கு ராஜா நாற்காலி எங்க இருக்கு? கதை சொல்ற டீச்சர் எப்ப வருவாங்க?” என்று கேட்கிறார்களாம். ஜூன் மாதத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

நான் அழுதேனா என்று உன் மனைவியிடம் விசாரித்தாயாம். அவளிடம் கைக்குட்டை வாங்கினேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ சொன்ன மாதிரியே, உட்கார்ந்துகொண்டு.

அப்பாவுக்கு வலிக்கும் என்று ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் பந்து மாதிரி எழும்பலாம் என்று நினைத்துத்தான் தினம் விழுந்தேன். எழும்பவில்லை. டாக்டர் இடுப்புக்குப் பட்டை போட்டிருக்கிறார்.

நாடகத்தை நிறுத்திவிட்டேன். உனக்காக என்று பெருமைப்படாதே. இடுப்புக்காக.

ஆனால் நீ மட்டும் ஜெயித்ததாக இருக்க விட மாட்டேன். ஒரு பார்சல் வரும். ஸ்வெட்டர், கயிறு கட்டிய கண்ணாடி, குடை. மியூசியத்துக்கு என் நன்கொடை. காப்பாளர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைப்பாராம். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ பேசும்போது, பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு நீ தொங்கிக்கொண்டிருப்பாய். பானைக்கும் பூட்டுக்கும் நடுவில் உன்னையே வைத்துவிட்டேன். இதுதான் என் பழி.

பலகையை நீதான் எழுதுவாய் என்றார்கள். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடு. ஏமாற்றாதே, இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன்.

தம்பி


ஜூன் 8

அன்புள்ள தம்பி,

பார்சல் கிடைத்தது. முழங்கை ஒட்டு பிரிந்திருந்தது. மறுபடி தைத்தேன்.

அப்பாவின் பலகையில் ஒரு வரி கூடியிருக்கிறது. “இதில் அமர்ந்தவர் சறுக்கு ராஜா” என்று. ஆறாவது வரிக்கு இடம் கேட்டுக் காப்பாளரோடு சண்டை போட்டேன். நீ கேட்டாய் என்பதற்காக அல்ல. இனிமேல் என்மேல் சொல்ல உனக்கு ஒரு குறையும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்காக.

உன் நன்கொடைக்கும் பலகை எழுதிவிட்டேன். ஒவ்வொரு வரியாகப் படி:

“ஆசிரியை வேடம். கம்பளி ஸ்வெட்டர், கண்ணாடி, குடை. இந்நகர நாடக மேடையில் பயன்பட்டது. இடது முழங்கை பழுது பார்க்கப்பட்டுள்ளது. நன்கொடை: ஓய்வு பெற்ற நடிகர் ஒருவர்.”

நான் எங்கே ஓய்வு பெற்றேன் என்று குதிப்பாய். குதிக்காதே, டாக்டர் திட்டுவார். பெயர் எங்கே என்று கேட்பாய். ஐந்து வரி முடிந்துவிட்டது, இடமில்லை.

உன் பெயர் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வா. வாண்டுவையும் கூட்டிக்கொண்டு வா. கடைசி அறையில் நான் வாயால் சொல்லுவேன். பலகையைக் கடைசி வரை படிக்காமல் அரியணையில் ஏறியவன் கதி என்ன என்பதற்கு இனி எனக்கு வேறு உதாரணம் தேவையில்லை. ஒவ்வொரு வாரமும் நீதான்.

கூட்டத்தோடு நின்றே கேட்க வேண்டும். இடுப்பு வலிக்கிறது என்று நாற்காலி தேடாதே. அந்த அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அதைத் தொடக் கூடாது.

அக்கா